மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்காதது ஏன்?

கதிரை உரித்தால் பல் விழுந்த வாய்போல ஆங்காங்கே வெற்றிடமா? பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்குரியது. மகரந்தத் தூள் படாத நூலுக்கு மணி இல்லை. அந்தத் தூளைக் கொண்டு சேர்ப்பது காற்று. அதனால் ஒற்றை வரிசையாக நடவே கூடாது. 16 செடிதான் என்றாலும் நாலுக்கு நாலாகச் சதுரமாக நடுங்கள்: வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ., ஆழம் 3 செ.மீ.

நூல் வெளிவரும் சமயத்தில் மண் காயவே கூடாது. காய்ந்தால் நூல் தாமதமாகும், அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிடும். செடி குறைவென்றால், பனி உலர்ந்த காலையில் செடி உச்சியில் மகரந்தம் தரும் பூவைக் காகிதப் பையில் உதறி, அந்தத் தூளை நூல்கள்மேல் தூவுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து.

நூல் பழுப்பாகிக் காய்ந்ததும் ஒரு மணியை நகத்தால் கீறுங்கள். பால் வந்தால் பறிக்கலாம்.