கன்றின் காலில் இருந்த கம்பித் தடம்

துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்த மானை என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். மற்றவை நாய் கடித்தோ, கம்பியில் மாட்டியோ, சாலையில் வாகனம் மோதியோ செத்தவை. வேதாரண்யம் வட்டத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக ஏழாண்டுகள் இருந்தேன். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதும் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும்தான் அன்றாட வேலை. கோடியக்கரைப் பக்கம் மான் செத்துக் கிடந்தால் வனத்துறையினர் அழைப்பார்கள். கத்தியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மாட்டு மருத்துவர்தான் அங்கே மானுக்கும் மருத்துவர்.

கோடியக்கரைச் சரணாலயம் வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் பாலை மரங்கள் செறிந்த காடு, அதை ஒட்டிப் புல்வெளி. பெயருக்கேற்ப வெளியில் வாழும் விலங்கு வெளிமான். சீமைக்கருவேலம் புகுந்து வெளி சுருங்கச் சுருங்க அதன் பாடு திண்டாட்டம்தான். கொம்பு முறுக்கியிருக்கும், கிளைக்காது, உதிராது. விலங்கியலார் அதை மானோடு சேர்க்காமல் இரலை என்று பிரிப்பார்கள். ஊரில் எல்லாமே மான்தான்; புள்ளிமானும் அங்கே உண்டு.

டெல்டாவில் மேய்ச்சல் என்பது நெல் விட்டுவைத்த மிச்சம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல்கள் மாட்டுக்குத் திறந்துவிடப்படும்; கிடை போட்டு எருவும் சேர்ப்பார்கள். ஆவணிக்கு மேல் வயலெல்லாம் பயிர் ஏறிவிட்டால், கரம்பையும் திடலையும் வரப்பையும் மேய்ந்து தீர்த்த மாடு போவதற்குக் காட்டோரத்தைத் தவிர வேறு இடமில்லை. அங்கே மேய்பவை பெரும்பாலும் உம்பளாச்சேரி இனம். அதன் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்தி நேரத்தில் தொலைவில் நிற்பது கன்றா, பெட்டைமானா என்று எனக்கு ஒருநாளும் சட்டென்று பிடிபட்டதில்லை.

மாட்டோடு நாள் முழுவதும் மேய்ந்து பழகிய மான், மாட்டோடு வருகிற மனிதனைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை. வேட்டை தடை செய்யப்படாத காலத்தில், வெளிமானை நெருங்க மாட்டுவண்டியின் மறைவில் போனார்கள் என்பதும் இதனால்தான். பழந்தமிழில் ‘பார்வை’ என்ற சொல்லுக்கே, தன் இனத்தை இழுப்பதற்காக வேட்டுவன் பழக்கி நிறுத்திய விலங்கு என்றொரு பொருள் உண்டு. இன்று அவ்வளவு பொறுமை யாருக்கும் தேவையில்லை. சுருக்குக் கண்ணி போட பைக்கின் கிளட்ச் கம்பி ஒன்றும், மானின் தடம் தெரிந்த ஒருவனும் போதும். ஆண் வெளிமான் தன் எல்லையைக் காட்டுவதற்காக ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தக் குவியலைப் பார்த்தவனுக்கு மான் நாளை எங்கே வரும் என்று தெரிந்துவிடும். கண்ணி வைப்பது, விரட்டுவது, அவற்றுக்கு முயல்வது எல்லாவற்றையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. முதல் அட்டவணையில் உள்ள வெளிமானை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மேய்ச்சல் நிலத்தில் செத்துக் கிடக்கும் மானைப் பார்த்த உடனே அறுத்துவிட முடியாது. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்; காதோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்காமல் கத்தி வைத்தால், கிருமி அந்த மண்ணில் பல ஆண்டுகள் தங்கி, அடுத்து அங்கே மேயும் மாட்டையும் கொல்லும். அது இல்லை என்றான பிறகுதான் மற்ற கேள்விகள். உயிரோடு இருந்தபோது பட்ட காயமானால் தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருக்கும். செத்த பின் நாய் குதறியதானால் கட்டியிருக்காது. கம்பியில் மாட்டிச் செத்ததன் கழுத்தில், ரோமத்தை விலக்கினால், கோடு போட்டாற்போல் ஒரு பள்ளம் தெரியும். என்னை அதிகம் ஏமாற்றியவை காயமே இல்லாத மான்கள். நாய்கள் துரத்தி, எப்படியோ தப்பி, மறுநாள் புதருக்கடியில் செத்துக் கிடக்கும். தொடையை அறுத்தால் தசை வெந்த இறைச்சி போல வெளுத்திருக்கும், சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் இருக்கும். முதல் இரண்டு மான்களுக்கு ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். நாயின் பல் படாமலே, உயிருக்கு ஓடிய ஓட்டத்தில் தசை சிதைந்து, நாயால் சாக முடியும் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். ஒரு வீட்டில் பிடிபட்ட இறைச்சியை ஆட்டுக்கறி என்று சாதித்தார்கள். மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னபோது, கல்லூரியில் பழகிய கை, துண்டை ஃபார்மலினில் போட்டு மூடிவிட்டது. திசுவை நுண்ணோக்கியில் பார்க்க ஃபார்மலின் சரி. மரபணுவை அது சிதைக்கும். ஆல்கஹாலில் போட்டிருக்க வேண்டும். மாதிரி பயன்படாது என்று பதில் வந்தது, வழக்கும் அதோடு படுத்துவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்தக் காலம் முழுவதும் என் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் இருந்தது: ‘இப்பகுதியில் கட்டுப்பாடற்ற கால்நடை மேய்ச்சல் காணப்படுகிறது.’ வேட்டைக்காரன் மாட்டு மந்தைக்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை அசைத்தது ஓர் ஐப்பசி மழைநாளில் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த கன்று. முன்னங்காலில் சீழ் பிடித்த புண்.

“வேலிக் கம்பி கிழிச்சிடுச்சுங்க, டாக்டரய்யா.”

வேலிக் கம்பி கிழித்தால் காயம் ஒரு பக்கமாக, தாறுமாறாக இருக்கும். இது குளம்புக்கு மேலே ஒரே சீராக வளையம் போட்டிருந்தது.

“வேலிக் கம்பி காலைச் சுத்தி வட்டமாவா கிழிக்கும், பெரியவரே?”

அவர் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு முடிக்கும்வரை பேசவில்லை. கிளம்பும்போது சொன்னார்: “கம்பி இருக்குன்னு போய்ச் சொன்னா, நீ அங்க எதுக்கு மாடு ஓட்டிக்கிட்டுப் போனேன்னுதான் முதல்ல கேப்பாங்க. அபராதம் யாரு கட்டுறது?”

நான் ஆண்டுக்கணக்கில் அறுத்துப் பார்த்தும் காணாத ஒன்றை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கண்ணிக்கு மானும் கன்றும் ஒன்றுதான். அந்த வெளியில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நிற்பவர் மாட்டுக்காரர். கம்பி எங்கே இருக்கிறது, யார் அந்தப் பக்கம் காரணமில்லாமல் நடமாடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் அங்கே நிற்பதே குற்றமாக இருக்கும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். மேய்ச்சலால் கேடில்லை என்று நான் சொல்லவில்லை. கோமாரி, ஆட்டுக்கொல்லி போன்ற தொற்றுநோய்கள் மந்தையிலிருந்து காட்டு விலங்குக்குத் தாவக்கூடியவை. சீமைக்கருவேலக் காயைத் தின்ற மாடு சாணத்தோடு விதையையும் புல்வெளியில் விதைத்துவிட்டு வருகிறது. மந்தையோடு போகிற நாயும் சும்மா இருப்பதில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் மாட்டுக்காரரையும் கண்ணி வைப்பவனையும் ஒரே வரியில் எழுதியதால், கண்ணி வைப்பவனுக்குத்தான் நான் உதவியிருக்கிறேன்.

சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வேண்டும் என்று அதே சட்டத்தின் 33-ஏ பிரிவு சொல்கிறது. கோமாரித் தடுப்பூசி முகாமை அதன்பின் நான் வேறுவிதமாகப் பயன்படுத்தினேன். ஊசி போடும்போது ஒவ்வொரு கன்றின் காலையும் தூக்கிப் பார்ப்பேன். வளையத் தழும்பு இருந்தால், யார் வைத்தது என்றோ எதற்குப் போனாய் என்றோ கேட்காமல், எந்தத் திசையில் மேய்ந்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது, குறிப்புகளில் பாதிக்கு மேல் ஒரே ஓடைக்கரையைச் சுற்றியே இருந்தன. ஆள் பெயர் இல்லாமல் இடத்தை மட்டும் எழுதி வனக்காப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, மாட்டுக்காரர் யார் என்று கேட்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மரியாதைக்கு அவரை நான் மறக்க மாட்டேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. மாடும் ஆடும் மானும் மட்டக்குதிரையும் ஒன்றாகக் கிடந்தன. அந்த வாரம் எந்த உடலுக்கும் யாரும் காரணம் கேட்கவில்லை. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுவதற்கே கைகள் போதவில்லை. பெரியவரின் மாடுகளில் இரண்டு அதில் போயின.

எனக்கு இடமாறுதல் வந்த மாதம் கடைசி முகாம் நடந்தது. மிச்சமிருந்த மாடுகளை அவர் ஓட்டிவந்தார். அவற்றில் ஒன்று முன்பு காலில் கட்டுப் போட்ட கன்று. முழுச் சாம்பல் நிறப் பசுவாகியிருந்தது, முன்னங்காலில் ரோமம் முளைக்காத வளையம் மட்டும் அப்படியே இருந்தது. ஊசி போட்டு முடித்ததும், சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த பையிலிருந்து துருவேறிய கம்பிச் சுருக்குகள் மூன்றை எடுத்து மருந்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். எங்கே கிடைத்தது என்று நானும் கேட்கவில்லை. “பழைய இரும்புல போட்டுடுங்கய்யா” என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.