லைட் இல்லைன்னா கூப்பிட்டிருப்பேன்

"லைட் இல்லைன்னா கூப்பிட்டிருப்பேனுங்க ஏட்டய்யா" என்று ராத்திரி ரோந்து போகிற ஒரு போலீஸ் தம்பி சொன்னதற்கு நான் உடனே ஒரு பதில் சொன்னேன். சரியான பதில்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் இன்னும் முடியவில்லை. நான் சொன்னதற்கு அவர் சொல்லாமல் விட்ட பதில், அதற்கு என் மறுபதில் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரைஃபிளில் மாட்டுகிற அந்த லைட் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025 கோடையில் சிவகிரி பக்கம் வயதான தம்பதி. அதே வருடம் ஆகஸ்டில் குடிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் தகராறு என்று இரவில் விசாரிக்கப் போன எஸ்.எஸ்.ஐ.யையே (சிறப்பு உதவி ஆய்வாளர்) வெட்டிக் கொன்றார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோயமுத்தூர் என்று போய்விட, பெரியவர்கள் மட்டும் இருக்கிற சாளைகள், அதாவது தோட்டத்து வீடுகள், எத்தனை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோந்து கூடியது. ரோந்தோடு ரைஃபிளும் போனது. லத்தியும் டார்ச்சுமாகப் போய்க்கொண்டிருந்த பையன்கள், நாலு கிலோ இன்சாஸ் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துத் தடத்தில் நடந்தார்கள்.

ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ரைஃபிள் என்றால் இரண்டுமே உருப்படியாக நடக்காது. அதனால் சில ரைஃபிள்களில் ஏதாவது பொருத்தலாம் என்று பேச்சு வந்தது. கையில் இருந்த பணம் லைட், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டுகிற ரெட் டாட் சைட் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். மேலதிகாரிக்கு சைட் மேல்தான் விருப்பம். ஆயுதங்களைப் பராமரிக்கிற ஆர்மரர் என்ற முறையில் என்னைக் கேட்டார். நான் லைட் என்றேன்.

அதற்கு நான் சொன்ன காரணங்களை இன்று மறுபடி எடுத்துப் பார்க்கிறேன், எதிலும் ஓட்டை தெரியவில்லை. ரெட் டாட் நல்ல சாமான். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். இரண்டு எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்கிற கோண அளவு) புள்ளி என்றால் 100 மீட்டரில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வட்டத்தை மறைக்கும், அவ்வளவு நுணுக்கம். ஆனால் இன்சாஸில் அதை எங்கே உட்கார வைப்பது? மேல்மூடி வெறும் தகடு. துடைக்கிற போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டியது. பின்சைட்டே அந்த மூடியில்தான் இருக்கிறது. அதன் மேல் ரயில் என்கிற பூட்டுப் பட்டையை வைத்து சைட்டையும் ஏற்றினால், மூடி இம்மி ஆடினாலும் ஜீரோ, அதாவது சரிபார்த்து வைத்த குறி, போய்விடும். அதற்கென்று அழுத்தமாகப் பூட்டுகிற மூடி தனியாக வருகிறது. அது இன்னொரு செலவு.

அதை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இருட்டில் ரெட் டாட் காட்டுவது ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும்தான். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்பது திருடனா, ராத்திரி மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்த பெரியவரா என்று அது சொல்லாது. லைட் சொல்லும். எதிரே வெளிச்சம் விழுந்தால் குழல் முனையில் இருக்கிற பழைய இரும்பு ஃபோர்சைட் கூட அதன் முன்னால் கறுப்பாக எழுந்து நிற்கும். தோட்டத்து வாசலில் இருக்கிற பதினைந்து, இருபது மீட்டர் தூரத்துக்கு அது தாராளம். யார் என்று தெரிந்த பிறகுதான் சுடுகிற பேச்சே. அன்றைக்கு அதிகாரியிடம் இதைச் சொன்னபோது, "ஐயா, குறி தப்பறது ரெண்டாவதுங்க, ஆள் தப்பறதுதான் மொதல்ல" என்றேன். அவர் ஒத்துக்கொண்டார்.

பொருத்துகிற வேலையை நானே செய்தேன். குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற இடத்தில் ரயில் வைத்த ஹேண்ட்கார்டு, அதன் இடது பக்கம் லைட். சுவிட்ச் எங்கே வர வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் போனது. கேபிளோடு வருகிற, கையோடு சேர்த்துப் பிடித்து அழுத்துகிற பிரஷர் பேடை நான் வேண்டாம் என்றேன். பதட்டத்தில் இடது கை முழுதாக இறுகினால் வலது கையும் கூடவே இறுகும். வலது கை விரல் எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கட்டைவிரல் ஒன்று மட்டும் தொடுகிற மாதிரி, அமுக்கினால் எரிந்து விட்டால் அணைகிற சுவிட்ச். ஒவ்வொரு பையனையும் ரைஃபிளைப் பிடிக்கச் சொல்லி, கட்டைவிரல் தானாக விழுகிற இடத்தில் சாக்பீஸால் குறித்து, அதற்குத் தக்கபடி லைட்டை முன்னே பின்னே நகர்த்தினேன். ஸ்க்ரூ தளராமல் இருக்க நீல லாக்டைட் பசை. ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் மெல்லிய கோடு. கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், டூட்டிக்குப் போகும் முன் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பினேன். மாட்டிய பிறகு சுட்டுப் பழகுகிற ஃபயரிங் பட்ஸுக்குக் கொண்டுபோய், குரூப், அதாவது குண்டுகள் சேர்ந்து விழுகிற இடம், மாறியிருக்கிறதா என்றும் சுட்டுப் பார்த்தோம்.

இந்த லைட்டில் உள்ள சங்கடம் எனக்குத் தெரியாததல்ல. வெளிச்சம் எங்கே போகிறதோ, அங்கேதான் குழலும் போகும். அதற்கும் வழி உண்டு. ஆள் மேல் அடிக்காமல் அவன் காலுக்கு முன்னால் தரையில் அடித்தால், தெறிக்கிற வெளிச்சத்திலேயே கை தெரியும், முகம் தெரியும். குழல் மண்ணைத்தான் பார்க்கும். இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்று அடிக்காதே, திரும்பி உன் கண்ணைத்தான் கூசும் என்றும் சொன்னேன். கேட்டார்கள், செய்தார்கள், எல்லோருக்கும் வந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் அந்தத் தம்பி ரைஃபிளை ஒப்படைக்க வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் கவுண்டரிலேயே நின்றார். "இந்த லைட்டக் கழட்டிக் குடுத்துருங்க ஏட்டய்யா" என்றார்.

நான் முதலில் சுவிட்ச் கோளாறு என்று நினைத்தேன். இல்லை. முந்தின ராத்திரி ஒரு தோட்டத்தில் நாய் விடாமல் குரைத்திருக்கிறது. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கிளுவை வேலி ஓரமாக நடந்து, கடவு தாண்டி உள்ளே போயிருக்கிறார். மாடு அடைக்கிற தொண்டுப்பட்டிப் பக்கம் ஏதோ அசைந்தது. சொல்லிக் கொடுத்தபடி தரையில்தான் அடித்தாராம்.

"செம்மண்ணுங்க, வெளிச்சத்தக் குடிச்சிருச்சு. ஒண்ணுந் தெரியல. தூக்கிட்டேன்."

பயிற்சி நடந்தது சிமெண்ட் தளத்தில். எங்களிடம் இருந்த இடம் அதுதான். சிமெண்டில் வெளிச்சம் தெறிக்கும். கொறங்காட்டுச் செம்மண்ணில், கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிற வாசலில், அந்தத் தூரத்துக்குத் தெறிக்கவில்லை.

தூக்கியதும் தெரிந்தது ஒரு பெரியவர். வேட்டியும் தலையில் துண்டுமாக, கையில் நீளமாக ஏதோ ஒன்று. வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவர் அந்தக் கையைத் தூக்கினார். கண்ணை மறைக்கத் தூக்கினாரா, அடிக்கத் தூக்கினாரா? தம்பிக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. அடுத்த கணம் அது ஊன்றுதடி என்று தெரிந்தது. சேஃப்டி எடுக்கவில்லை, விரல் டிரிகர் பக்கம் போகவில்லை. இதை நான் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

பெரியவர் "யாருங்கொ அது?" என்று கேட்டாராம். போலீஸ் என்றதும், "அடடே, வாங்க சாமி, உக்காருங்க, மோர் குடிக்கறீங்களா?" என்று கட்டிலைக் காட்டினாராம். தம்பி மோர் குடித்துவிட்டு, ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

"அவருக்குத் தெரியவே இல்லைங்க, நான் என்னத்த நீட்டிட்டிருந்தேன்னு. வெறும் டார்ச்சுன்னுதான் நெனச்சுட்டிருக்காரு. 'நல்ல வெளிச்சங்க சாமி, எங்க வாங்குனது'ன்னு கேட்டாரு."

நான் சொன்னேன்: "தம்பி, லைட் இருந்ததாலதான் அது தடின்னு தெரிஞ்சுது. இல்லைன்னா இருட்டுல ஒருத்தன் நீளமா எதையோ தூக்கறான்னு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்."

அதற்குத்தான் அவர் அப்படிச் சொன்னார். "லைட் இல்லைன்னா கூப்பிட்டிருப்பேனுங்க ஏட்டய்யா. வேலிகிட்ட நின்னே, யாருங்க வூட்டுல, போலீஸ் வந்திருக்கறம்னு கூப்பிட்டிருப்பேன். எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவேன். நேத்து வாய் தொறக்கல. கையி அமுக்கிருச்சு."

"கூப்பிட்டிருந்தா, திருடனா இருந்தா ஓடியிருப்பான். இல்ல, உன்னையத் தேடி வந்திருப்பான்" என்றேன் நான். குடிமங்கலத்தை நினைத்துத்தான் சொன்னேன். அவருக்கும் அது புரிந்தது. மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

நான் லைட்டைக் கழற்றவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் போனது. கோடு விலகவில்லை. லென்ஸைத் துடைத்து, ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்தேன். ஒரு தனி ஆள் சொன்னதற்காக மாவட்டத்துக்கு என்று முடிவு செய்ததை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்பது ஒரு காரணம். மாற்றக் கூடாது என்று நான் நினைத்தது இன்னொரு காரணம். அடுத்த முறை டூட்டிக்கு வந்தபோது அவர் லைட் இல்லாத பழைய எஸ்.எல்.ஆர். ரைஃபிள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். இன்றும் அதையேதான் கேட்கிறார். நானும் எதுவும் சொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறேன்.

எனக்கு ஓயாமல் இருப்பது இதுதான். லைட் ஒரு பக்கமாகத்தான் வேலை செய்கிறது. எதிரே நிற்பவன் யார் என்று எனக்குக் காட்டுகிறது, நான் யார் என்று அவனுக்குக் காட்டுவதில்லை. பெரியவர் கண்ணுக்கு வெறும் வெள்ளை வெளிச்சம்தான். அந்தப் பக்கம் நிற்பது போலீஸா, கொல்ல வந்தவனா? சிவகிரியைக் கேள்விப்பட்ட மனுஷன் தடியைத் தூக்காமல் என்ன செய்வார்? குரல் அப்படி இல்லை. "போலீஸ் வந்திருக்கறம், லைட் போடுங்க" என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ராத்திரி ரோந்தில் தோட்டத்துக்குத் தோட்டம் குரல் கொடுத்துக்கொண்டுதான் போவோம். பெரியவர்கள் உள்ளே இருந்தபடியே, "செரிங்க, போயிட்டு வாங்க" என்பார்கள்.

சரி, அதே குரலைத் திருடனும் கொடுக்க மாட்டானா? போலீஸ் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்துக் கொள்ளையடித்த கதைகள் எத்தனை. அதனால்தான் இப்போது யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று நாமே கூட்டம் போட்டுச் சொல்கிறோம். கேமரா வைத்துக்கொள்ளுங்கள், போன் அடியுங்கள் என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு, ரோந்துக்காரன் குரலை மட்டும் நம்புங்கள் என்றால் எப்படி?

இப்படி ஒரு நாள் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது, ஒரு நாள் என் பக்கம். கூப்பிட்ட பிறகு லைட் போடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இப்போது சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் பயத்தில் நிற்பவனுக்குக் கட்டைவிரல் கேட்கிற வேகத்தில் தொண்டை கேட்காது. அந்தக் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி சாக்பீஸால் குறித்துச் சுவிட்சை வைத்தது நான்தான். எட்டாத இடத்தில் வைத்திருந்தால் அது வேலைக்கே ஆகியிருக்காது.

இப்போது மீதி ரைஃபிள்களுக்கும் லைட் வாங்கலாம் என்று கோப்பு வந்திருக்கிறது. வாங்கலாம் என்றுதான் குறிப்பு எழுதினேன். கூடவே ஒரு வரி சேர்த்தேன்: ரைஃபிள் லைட் உள்ள ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கைடார்ச்சும் கொடுக்கப்பட வேண்டும். ஆர்.ஐ. (ரிசர்வ் இன்ஸ்பெக்டர்) படித்துவிட்டு, "ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு டார்ச்சு? ஆடிட்ல கேப்பாங்க. காரணத்த எழுத்துல குடு" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். மனுஷரைப் பார்க்கக் கைடார்ச், சுட வேண்டி வந்தால் ரைஃபிள் லைட் என்று எழுத வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் அவர் அடுத்த கேள்வியாக, ஆள் யார் என்று பார்க்கத்தானே லைட் வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னாய் என்பார். சொன்னது உண்மைதான். இரண்டையும் ஒரே குறிப்பில் ஒன்றையொன்று அடிக்காமல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்த வரியை எடுத்துவிடவும் மாட்டேன்.