மீன் தொட்டித் தக்காளியில் இலை மஞ்சள்: மேலே ஒன்று, கீழே ஒன்று

திருநகர் மொட்டை மாடியில் 500 லிட்டர் தொட்டியில் ஜிலேபி கெண்டை. அந்தத் தண்ணீர் சுற்றிவரும் ஜல்லிப் படுகையில் பிகேஎம் 1 ரகத் தக்காளி. மார்கழிப் பனி இறங்கியதும் அடி இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது, உச்சி இலைகளும் வெளுத்தன. பார்த்தவர்கள் எல்லாரும் "நோய் ஏறிருச்சு, மருந்தடிங்க" என்றார்கள். எனக்கு அது ஒரே நோயாகப் படவில்லை.

அடி இலை ஒன்றைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புள்ளிக்குள் வளையம் வளையமாக ஓடியது, சுற்றிலும் மஞ்சள். ஆல்டர்னேரியா பூஞ்சையின் இலைக்கருகல் இப்படித்தான் முற்றிய இலையில் தொடங்கி மேலே ஏறும். கொழுந்தில் புள்ளியே இல்லை. நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். இது இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் சேர்ந்த இரும்பு புது இலைக்கு நகராது, அதனால் கொழுந்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மெக்னீசியக் குறை என்றால் அடி இலையில் ஆரம்பிக்கும். இலைச்சுருட்டை வைரஸோ என்றும் பார்த்தேன். சுருளவில்லை, இலைக்கு அடியில் வெள்ளை ஈயும் இல்லை.

தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.8. காரப் பக்கம். அந்த அளவில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. பிஎச்சை ஏற்றுவது எது என்று பார்க்க ஜல்லியில் எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைக்கவில்லை. சுண்ணாம்புக்கல் கலக்கவில்லை என்று தெரிந்தது. மிச்சம் இருப்பது தினமும் குறைகிற அளவுக்கு ஊற்றும் போர் தண்ணீர்தான். இப்போது அதைத் தனி டிரம்மில் பிடித்து, பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பிஎச் இறங்கி நின்ற பிறகே தொட்டியில் விடுகிறேன். அமிலத்தைத் தொட்டியில் நேராக ஊற்றினால் மீனும் தாங்காது, கழிவை உரமாக்கும் பாக்டீரியாவும் தாங்காது.

இரும்பை வேர் எடுக்கும்படி கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மத்தோடு பொடியாக விற்கிறார்கள். அதில் டிடிபிஏ வகைதான் வாங்க வேண்டும். ஈடிடிஏ வகை பிஎச் 6.5 தாண்டினால் நிலைக்காது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு என்று வைத்தால் என் தொட்டிக்கு 1 கிராம். பொடியில் 11 சதவீதம்தான் இரும்பு, ஆக 9 கிராம் பொடி.

கருகலுக்கு உரக்கடையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சை மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். தோட்டத்துச் செடிக்குச் சரி. இங்கே இலையில் அடிப்பது வழிந்து மீனிடம்தான் போகும், தாமிரம் மீனுக்கு விஷம். வேண்டாம் என்று வைத்துவிட்டு, புள்ளி விழுந்த அடி இலைகளை எல்லாம் கிள்ளி மாடியை விட்டே அப்புறப்படுத்தினேன். காற்றோட்டத்துக்குப் பக்கக் கிளைகளைக் குறைத்து, பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாவான பாசில்லஸ் சப்டிலிஸ் கரைசலைக் காலையில் தெளித்தேன், வெயில் ஏறுவதற்குள் இலை காய்கிற மாதிரி.

புதுக் கொழுந்து இப்போது நல்ல பச்சையாக வருகிறது. சுவரோரச் செடியில் மட்டும் கருகல் இன்னும் நிற்கவில்லை. அங்கே வெயில் தாமதமாகத்தான் வரும், பனி காய்வதில்லை. அடுத்த நடவில் அந்த இடத்தில் தக்காளி வேண்டாம், கீரை போடப்போகிறேன்.