மூக்குச் சக்கரமும் மூன்றாவது துள்ளலும்: ஹேங்கர் நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2025

விதர்பாவில், நான் விமானங்களைப் பழுதுபார்க்கும் இந்தப் பறக்கும் பயிற்சிப் பள்ளியில், இந்த மாதம் காற்று ஒழுங்காக இருப்பது காலை ஒன்பது மணி வரைதான். அதற்கு மேல் ஓடுபாதை சூடேறி, காற்று கண்டபடி எழும்பும். இன்று பத்தரை மணிக்கு சோலோ சர்க்யூட் (தனியாகப் பறந்து, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) போன மாணவர் ஒருவர் செஸ்னா 172-இல் இறங்கும்போது மூக்குச் சக்கரம் முதலில் பட்டது. விமானம் துள்ளியது. அவர் மூக்கைக் கீழே அழுத்தினார். மறுபடி துள்ளல், மறுபடி அழுத்தல். மூன்றாவது முறை புரொப்பெல்லர் தரையில் உரசி எஞ்சின் நின்றுவிட்டது.

பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது போதும். கை நடுங்கிக்கொண்டிருந்ததால் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

அப்புறம் பாதையில் நடந்து பார்த்தேன். பிளேடு வெட்டிய கோடுகள் வரிசையாக இருந்தன. எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது என்று தெரிந்தால், இரண்டு வெட்டுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்து அந்த நொடியில் விமானத்தின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அனுமதி கிடைக்கும் வரை விமானத்தை நகர்த்தவில்லை.

ஏப்ரல் 8

எஞ்சினின் வெளி மூடியான கவுலிங்கைக் கழற்றினோம். பயந்தபடியே ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில், சுருக்கம்.

172-இன் பின் சக்கரங்கள் இரண்டும் ஸ்பிரிங் எஃகுக் கால்களில் நிற்கின்றன. பலமாக விழுந்தாலும் அவை வளைந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் கால், அதாவது ஸ்ட்ரட், அப்படி இல்லை. எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய ஃபயர்வாலோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. மூக்கில் விழும் அடி நேராக அந்தச் சுவருக்குப் போய், தகடு நெளிந்து, ரிவெட்டுகள் தளர்ந்துவிடும். ஓடிப்போய்ப் பார்க்கிற மாணவர்கள் வளைந்த பிளேடைத்தான் படம் எடுக்கிறார்கள். என் கண் முதலில் போவது ஃபயர்வாலுக்கு.

பிளேடு நுனிகள் பின்பக்கம் மடங்கியிருந்தன. எஞ்சின் சக்தி குறைந்திருக்கும்போது தரையில் பட்டால் பெரும்பாலும் இப்படித்தான் மடங்கும். ஆக, கடைசித் துள்ளல் வரை எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மூடியே இருந்திருக்கிறது.

ஏப்ரல் 10

அந்த மாணவரே ஹேங்கருக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. “அண்ணே, நான் நல்லாத்தானே வந்தேன்?” என்று கேட்டார். ஓடுபாதை விளிம்பைத் தாண்டும்போது வேகம் 75 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) பார்த்தாராம். மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடல்களான ஃபிளாப் முழுவதும் இறக்கிய நிலையில் 65-க்குள் இருக்க வேண்டிய இடம் அது. பத்து நாட் என்றால் சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் விமானம் சுமக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. போதாததற்கு, பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இல்லாததால் விமானம் இலகுவாகவும் இருக்கும். தரைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் முன் சக்கரம்தான் முதலில் படும்.

துள்ளிய பிறகு நடப்பது அதைவிட மோசம். விமானி கண்ணால் பார்த்துக் கையை அசைப்பதற்குள் விமானம் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. மேலே போகும்போது அழுத்த நினைத்த கை, கீழே வரும்போதுதான் அழுத்துகிறது. அதனால் ஒவ்வொரு மோதலும் முந்தையதைவிடப் பலமாக விழுகிறது. இதற்கு போர்பாய்சிங் என்று பெயர். முதல் துள்ளலிலேயே முழு த்ராட்டில் கொடுத்து, இடப்பக்கம் இழுக்கும் மூக்கை வலது ரட்டரால் (வால் சுக்கானால்) பிடித்து, ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்கிக்கொண்டு கோ அரவுண்ட் போய்விட வேண்டும், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். இதையெல்லாம் அவருக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “திரும்பிப் போனா சோலோவுக்கு லாயக்கில்லன்னு நினைப்பாங்களோன்னு பயந்துட்டேன்” என்றார்.

எனக்கு மனசு கனத்துவிட்டது.

ஏப்ரல் 11

எஞ்சினை இறக்கிப் பெட்டியில் வைத்தாயிற்று. இந்த விமானத்தில் உள்ள லைகமிங் நிறுவன எஞ்சின் இப்படித் திடீரென்று நின்றால் முழுக்கப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டில் உள்ள விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

ஏப்ரல் 15

இன்று நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. இன்னொரு 172-இன் தினசரிச் சோதனையில் ஃபயர்வாலின் அடி ஓரத்தில் இரண்டு ரிவெட் தளர்ந்து கரும்புகை போலத் தடம் விட்டிருந்தது. விமானத்தின் பழுதுக் குறிப்பேடான டெக் லாக்கைப் புரட்டினேன். ஹார்ட் லேண்டிங் (பலமான தரையிறக்கம்) என்று ஒரு வரிகூட இல்லை. யாரோ பலமாக இறக்கியிருக்கிறார்கள், சொல்லவில்லை. அடுத்து ஏறியவர்களுக்கு எதுவும் தெரியாது. விமானத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

மாலையில் தலைமைப் பயிற்சியாளரிடம் பேசினேன். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். கடன் வாங்கிச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மணியும் பணம். சொன்னால் பறத்தலை நிறுத்துவார்கள், பழுதுக்குப் பணம் கேட்பார்கள் என்ற பயம் இருக்கும் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். உடைந்த விமானத்தை நான் சரிசெய்துவிடுவேன் சார், மறைத்த அடியை எங்கே என்று தேடுவது? என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

அவர் கோபப்படவில்லை. தானாக வந்து சொல்பவரிடம் பணம் கேட்பதில்லை என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குவதாகச் சொன்னார். கோ அரவுண்ட் போனதை மதிப்பீட்டில் குறையாகக் குறிக்கக் கூடாது என்பதற்கு உடனே ஒப்புக்கொண்டு, பயிற்சியாளர்களுக்கு இன்றே செய்தி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை தரை வகுப்பில் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். நெளிந்த தகட்டின் படங்களோடு போகிறேன்.