மூன்றுக்கும் மூன்றேகாலுக்கும் நடுவே

செப்டம்பர் 3, 2025, புதன்
ஸ்ரீராமபுரம், பெங்களூரு

இன்று வந்த பதில்: ஃப்ரெஷருக்கான வேலைதானாம், ஆனால் இரண்டு வருட அனுபவம் வேண்டுமாம். எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும். சாயங்காலம் ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன். வேலை உறுதி, 15,000 ரூபாய் டெபாசிட் மட்டும் கட்டுங்கள் என்றார்கள். "வேலை கொடுக்கறவன் எதுக்குடி காசு கேக்கறான்?" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெண் யுவ நிதி வாங்குகிறாள். படிப்பு முடிந்து 180 நாள் ஆகியும் வேலை கிடைக்காத பட்டதாரிகளுக்குக் கர்நாடக அரசு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 1,500, இரண்டு வருடம் வரை கொடுக்கிறது. தர்மபுரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு இங்கே மாமா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு அது கிடையாது.

செப்டம்பர் 8, திங்கள்

ரெஸ்யூமே கட்டோடு பீன்யா தொழிற்பேட்டைக்குப் போனேன். பச்சை லைன் மெட்ரோவில் நேராகப் போய்விடலாம். பிப்ரவரியில் கட்டணம் ஏற்றியதிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகளில் வாசல் செக்யூரிட்டியோடு சரி. சின்ன ஷெட்களில்தான் முதலாளியே எண்ணெய்க் கையோடு வெளியே வந்து பேசுகிறார்.

அப்படி ஒரு ஜாப் ஒர்க் பட்டறை, மற்றவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிற இடம். முதலாளி திருவண்ணாமலைப் பக்கம். "வேக்கன்சி எல்லாம் இல்லம்மா" என்றார். மேஜையில் பல் உடைந்த கியர் ஒன்று கிடந்தது. பழைய லேத்தில் இருந்து கழற்றியது, டிராயிங் கிடையாது. வெளியே கொடுத்து 3 மாட்யூலில் வெட்டி வாங்கினாராம்; மாட்யூல் என்பது பல்லின் அளவைச் சொல்லும் எண். மாட்டினால் ஒரே ஆட்டம், சத்தம். நான் அளந்து வரைந்து தரட்டுமா என்று கேட்டேன். என்னையும் கியரையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போ. தொலைச்சிடாதே."

செப்டம்பர் 9, செவ்வாய்

கல்லூரி புராஜெக்டுக்காக எஸ்.பி. ரோட்டில் வாங்கிய வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். மொத்தம் 30 பல். வெளிவிட்டம் 101.4 மி.மீ. பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி, அந்த எண்ணால் விட்டத்தை வகுத்தால் மாட்யூல் வர வேண்டும். 32ஆல் வகுத்தேன்: 3.169. மூன்றும் இல்லை, அடுத்த அளவான மூன்றேகாலும் இல்லை. பல் நுனி தேய்ந்திருந்தால் விட்டம் கொஞ்சம் குறையும், அது புரிகிறது. ஆனால் மூன்றேகால் என்றால் 104 இருந்திருக்க வேண்டும். அவ்வளவு தேய்ந்த கியர் ஓடவே ஓடாது.

செப்டம்பர் 10, புதன்

மாமாவுக்குத் தெரிந்த ஒரு தாத்தா ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையின் டூல் ரூமில் இருந்து ரிட்டயர் ஆனவர். காபி வருவதற்குள் கியரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெஷின் எந்த ஊரு?" என்றார். முதலாளிக்குப் போன் போட்டேன். பிரிட்டனில் செய்ததாம். "அப்புறம் ஏன் மில்லிமீட்டர்ல தேடறே?"

அங்குலக் கியருக்கு மாட்யூல் கிடையாது, டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற எண்தான். பல்லோடு இரண்டு கூட்டி, அங்குல விட்டத்தால் வகுக்க வேண்டும். 4 அங்குலம் என்றால் 101.6 மி.மீ.; 32ஐ 4ஆல் வகுத்தால் 8 டி.பி. மாட்யூலில் சொன்னால் 3.175. நேற்று இரவு முழுக்க மண்டையைக் குடைந்த எண் இதுதான்.

தாத்தா அதோடு விடவில்லை. பழைய மெஷின்களில் பல்லின் பக்கச் சாய்வைச் சொல்லும் அழுத்தக் கோணம் இப்போதைய 20 டிகிரியாக இல்லாமல் பதினாலரையாகவும் இருக்கும் என்றார். அதற்கும் வெர்னியரே போதும். நான்கு பல்லைச் சேர்த்துப் பிடித்து ஓர் அளவு, மூன்று பல்லைச் சேர்த்துப் பிடித்து ஓர் அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 9.37 அருகில் வந்தால் 20 டிகிரி, 9.66 அருகில் வந்தால் பதினாலரை. பல் சீராகத் தேய்ந்திருந்தால் இந்த வித்தியாசம் மாறாது, அதுதான் இதில் அழகு. உடையாத பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். 9.64.

நாலு வருடப் படிப்பில் இந்தச் சூத்திரங்கள் எல்லாமே பரீட்சைக்கு வந்தவைதான். தேய்ந்த கியரை மட்டும் யாரும் கையில் கொடுத்ததில்லை.

செப்டம்பர் 17, புதன்

ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, பி.டி.எஃப். ஆக்கி, 8 டி.பி., பதினாலரை டிகிரி கட்டர்தான் போட வேண்டும் என்று மேலேயே பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஃப்ரீகேட் இலவசம், காசு கட்டும் மென்பொருள் இல்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இன்று கியரை மாட்டி ஓட்டினார்கள். ஆட்டம் இல்லை. 800 ரூபாய் கொடுத்தார். கூடவே பக்கத்து ஷெட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கன்மெட்டல் புஷ் (வெண்கலக் குழல் மாதிரி ஒரு பாகம்), அதற்கும் டிராயிங் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ரெஸ்யூமேயை மாற்றிவிட்டேன். "கடின உழைப்பாளி, குழுவாக இயங்குவேன்" எல்லாம் போயிற்று. உடைந்த பாகத்தின் படம், என் டிராயிங், மாட்டிய பிறகு எடுத்த படம் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. மேலாளர் ஒருவர் முதல் பக்கத்தில் நிறுத்தி, "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் அரை மணி நேரம் பேசினார். இதுவரை யாரும் இரண்டு நிமிடம் தாண்டியதில்லை.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் செய்தேன். ஆதார், பான் இரண்டும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. அரசு தளம் மாதிரியே இருக்கும் சில தளங்கள் காசு கேட்கின்றன, முகவரியில் gov.in என்பதற்குப் பதில் வேறு எதுவும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. "வேலை தேடாதே, வேலை கொடு" என்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்கள். இந்த மாதம் டிராயிங்கில் வந்தது மெட்ரோவுக்கும் போன் ரீசார்ஜுக்கும் சரியாகிவிட்டது. மாமா வீட்டில் சோறும் தங்க இடமும் இல்லையென்றால் எனக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வந்த முதலாளி பொரியை நீட்டியபடியே கேட்டார்: "மாசம் 15,000 தரேன், இங்கேயே உக்காந்துடறியா?"

காலையில் மட்டும் வருகிறேன், 9,000 கொடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மற்ற ஷெட் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஷெட்டில் உட்கார்ந்தே செய்வேன், ஆனால் டிராயிங் காசு எனக்கு. "விவரமான பொண்ணுதான்" என்றார். பத்தாயிரத்தில் முடித்துக்கொண்டோம். ஆறாம் தேதி திங்கட்கிழமையில் இருந்து போகிறேன்.