எட்டாவது கேள்வி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இடுப்பு வலி என்று வருகிறவர்களில் நிறையப் பேர் தோட்டத்துக்காரர்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார், உர மூட்டை தூக்குகிறவர்கள். ஒரு குலை 20 கிலோ வரும். நீளக் கழியை அண்ணாந்து பிடித்து வெட்ட வேண்டும், அப்புறம் குனிந்து குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். நாள் முழுக்க இதேதான்.

முதல் நாள் எல்லோரிடமும், இடுப்பு வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் ஒஸ்வெஸ்ட்ரி படிவத்தை நிரப்பச் சொல்வோம். 1980இல் வந்த படிவம், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 10 பகுதிகள். நடப்பது, உட்காருவது, தூங்குவது என்று போகும். எட்டாவது, தாம்பத்திய உறவு. அதை மட்டும் எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள். விட்டாலும் கணக்குக்குத் தடையில்லை. பகுதிக்கு 5 மதிப்பெண், அதனால் மொத்தத்தை 50க்குப் பதில் 45க்குப் போட்டுக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே, "அதை விட்டுடுங்கண்ணே" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். கல்யாணமாகாத பெண், அப்பா வயதுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அது என் தவறு. வலி எங்கே வாழ்க்கையைப் பிடித்திருக்கிறது என்று கேட்க உட்கார்ந்தவள், ஒரு வாசலை நானே சாத்தினேன்.

அதை எனக்குப் புரியவைத்தது ஒரு தம்பதி. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் குலை வெட்டுகிறவர், நாற்பதைத் தாண்டியவர். நான்காவது முறை வந்தபோது மனைவியும் கூட வந்திருந்தார். கணவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸி, தப்பா நினைக்காதீங்க. ஆறு மாசமா ஹால்ல பாய் போட்டுப் படுக்குறாரு. என்மேல வெறுப்பா, இல்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

அடுத்த முறை கணவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு ராத்திரி பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். காட்டிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாராம். அதற்கப்புறம் பயம். போதாததற்கு, நரம்பு வலிக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின் தொடங்கிய பிறகு விறைப்பும் குறைந்துபோக, தன் ஆண்மையே போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார். அந்த மாத்திரைக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் அளவை மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசினேன். இடுப்பு வலி என்றால் ஒருக்களித்துப் படுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். எல்லோருக்கும் அது பொருந்தாது. 2014இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 10 தம்பதிகளின் முதுகெலும்பு அசைவை அளந்து பார்த்தார்கள். குனிந்தால் வலிக்கும் ஆண்களுக்கு, ஒருக்களித்த நிலையைவிட, மனைவி கையூன்றி முழங்காலிட, கணவர் பின்னால் முழங்காலிடும் நிலையில் முதுகு குறைவாக வளைகிறது என்று தெரிந்தது. நிமிர்ந்து பின்னால் வளைந்தால் வலிக்கிறவர்களுக்குத்தான் ஒருக்களித்த நிலை நல்லது. இவருக்குக் குனிந்தால்தான் வலி. குலையைத் தூக்க முதுகை வளைக்காமல் தொடைமூட்டில் மடியச் சொல்லிக்கொடுத்திருந்தேனே, அதே அசைவுதான் இங்கேயும் என்றேன். மல்லாந்து படுக்கும்போது இடுப்புப் பள்ளத்தில் வைக்க ஒரு துண்டைச் சுருட்டிக் காட்டினேன். அந்த அம்மா சுருளைக் கையில் வாங்கி, விரலால் தடிமனை அளந்து பார்த்தார். "வீட்டுல இருக்குற துண்டு இதவிடத் தடிப்பு மிஸ்ஸி, பாதியா மடிச்சா போதுமா?" என்று கேட்டார். அறையில் இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது.

இப்போது எல்லோரிடமும் நானே கேட்கிறேன். கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இடுப்பு வலியோடு, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ, உறவின்போது திடீரென்று தொடு உணர்ச்சியே இல்லாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இருக்கும் வால் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். வெட்கப்பட்டு நாளைக் கடத்தினால் அது நிரந்தரப் பாதிப்பாகிவிடக்கூடும்.

ஆறாவது வாரம் அவருக்கு மறுபடி அந்தப் படிவத்தைக் கொடுத்தேன். எட்டாவது கேள்வியில் பேனா நின்றது. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். "போடுங்க" என்றார் அவர். 'இயல்பாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் வலி கூடுகிறது' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.