ஸ்ட்ரெஸ் ஆய்வுல சேரப் போறீங்களா, முதல் டியூப்புக்கு முன்னாடி இத படிச்சுடுங்க

ஸ்ட்ரெஸ்ஸ அளந்து, மூச்சுப் பயிற்சி உதவுதான்னு பாக்குற ஆய்வு ஒண்ணுல எட்டு வாரம் இருந்துட்டு இப்பதான் வெளிய வந்தேன். நைட் ஷிஃப்ட் இல்ல, ஸ்டீராய்டு மருந்து இல்ல, அதனால ஈஸியா சேத்துக்கிட்டாங்க.

கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன பாக்க எச்சில் டியூப் குடுத்தாங்க, கண்ணு முழிச்சதும் ஒண்ணு, 30வது நிமிஷம் ஒண்ணு, 45ல ஒண்ணு. பஞ்ச வாயில ஊறவச்சு டியூப்ல போட்டா போதும்னாங்க. நானும் முதல் டியூப் முடிச்சுட்டு எப்பவும்போல பல் தேச்சு காபி குடிச்சுட்டேன். கடைசி டியூப் வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது, பல்லும் தேய்க்கக் கூடாது, ஈறுல ரத்தம் கசிஞ்சா அளவே மாறிடும்னு டியூப்ப திருப்பிக் குடுக்கப் போனப்பதான் சொல்றாங்க! ரெண்டு நாள் சாம்பிள் அப்படியே குப்பைக்குப் போச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

டியூப்பும் பேனாவும் தலகாணி பக்கத்துலயே வச்சுக்கோங்க. முழிச்ச முதல் அரைமணில கார்ட்டிசால் தானாவே ஏறும், கொஞ்ச நேரம் புரண்டு படுத்துட்டு எடுத்தா அந்த ஏத்தத்தோட ஆரம்பமே போயிடும். லேட்டாச்சுன்னா லேட்டான நேரத்தையே எழுதுங்க, பொய் நேரம் எழுதுறதுக்கு எடுக்காமலே விட்டுடலாம்.

அடுத்து பத்து கேள்வி ஃபார்ம், போன ஒரு மாசம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4 வரைக்கும், மொத்தம் 40 மார்க், மார்க் கூடுனா ஸ்ட்ரெஸ் கூடன்னு அர்த்தம். எனக்கு 24 போட்டிருந்தாங்க. நம்பவே முடியல, ஏன்னா நல்லாத்தான் இருந்தேன். உக்காந்து கூட்டிப் பாத்தா, "எல்லாம் நம்ம கைக்குள்ள இருக்குற மாதிரி இருந்துச்சா"ங்கற மாதிரி நாலு நல்ல கேள்வி இருக்குல்ல, அதுக்கு மார்க்க தலைகீழா போடணும், அவங்க நேராவே கூட்டிட்டாங்க. நாலுக்கும் 3 போட்டிருந்தேன், அது ஒவ்வொண்ணும் 1 ஆகணும். காட்டுனதும் 16னு திருத்துனாங்க. அன்னிக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது.

வேணும்னே ஸ்ட்ரெஸ் ஏத்திப் பாக்குறதுக்குன்னு 1993ல வந்த ட்ரியர் டெஸ்ட்தான் கொடுமை. சிரிக்கவே சிரிக்காத ரெண்டு பேர் முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசணும், அப்புறம் 1022லருந்து பதிமூணு பதிமூணா கழிக்கணும். 1009, 996, 983, 970, 958... "தப்பு. 1022லருந்து ஆரம்பிங்க." உள்ளங்கை ரெண்டும் ஈரமாயிடுச்சு.

கடைசி வாரம் திரும்ப அதையே வச்சாங்க, ரெண்டாவது தடவ பயம் பாதிதான் இருந்துச்சு. இது மூச்சுப் பயிற்சியாலயா, இல்ல பழகிப்போனதாலயா? அதுக்குத்தான் எதுவும் செய்யாத குழு ஒண்ணு வேணும், அந்தக் குழுல உங்கள போட்டா கோவிச்சுக்கிட்டு பாதில விட்டுறாதீங்க. ஆனா ஒண்ணு, மார்ல பெல்ட் கட்டிக்கிட்டு நிமிஷத்துக்கு ஆறு மூச்சு விட்டப்போ, இழுக்க இழுக்க இதயத்துடிப்பு ஏறி, விட விட இறங்குச்சு, திரையில அலை அலையா என் கண்ணாலயே பாத்தேன்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே உங்க ரிசல்ட்ட உங்களுக்குத் தருவாங்களான்னு கேட்டுடுங்க. நான் கேக்கல, இப்ப குழு சராசரி மட்டும்தான் தருவோம்ங்கறாங்க.